ரிசர்வ் டீம்: ‘இருப்பு அணி’யா, ‘வளரணி’யா?

ஒரு கால்பந்துக் கழகத்தின் முதன்மையான அணிக்கு, அதாவது முதல் அணிக்கு, அடுத்தபடியாக இருக்கும் அணியை ஆங்கிலத்தில் ‘ரிசர்வ் டீம்’ என்பார்கள். மகளிர் கால்பந்துச் செய்திகளில் அதற்குத் தமிழாக ‘இருப்பு அணி’ என்ற சொல் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. ‘மகளிர் இருப்பு அணியிலிருந்து முதல் அணிக்கு உயர்வு’, ‘இருப்பு அணி வீராங்கனைக்குப் புதிய ஒப்பந்தம்’ என்றெல்லாம் எழுதுகிறார்கள். எங்கோ ஓரிடத்தில் என்றால் அவசரத்தில் எழுதியது என்று விட்டுவிடலாம். ஆனால் இதுவே சரியான கலைச்சொல் என்று நிலைத்துவிடும் போலிருக்கிறது. இது தவறான சொல், நிலைக்கக் கூடாத சொல்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் ‘செர்வாரே’ என்றால் காத்தல். முன்னொட்டுச் சேர்ந்து ‘ரெசெர்வாரே’ ஆகும்போது, பிறகு வேண்டியிருக்கும் என்று எடுத்து வைத்தல். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘ரிசர்வ்’ ஆனது. கால்பந்தில் இந்தச் சொல் ஒட்டிக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. 1965 வரை இங்கிலாந்தின் லீக் ஆட்டங்களில் மாற்று ஆட்டக்காரரை இறக்க விதியே இல்லை. களமிறங்கிய பதினொரு பேர்தான் கடைசி வரை. மீதிப் பேருக்கு ஆட்டமே கிடைக்காது. அவர்களுக்கென்று ஓர் அணி, அந்த அணிகளுக்கென்று போட்டிகள் என்று ஏற்பாடு செய்தார்கள். 1911-இல் தொடங்கிய சென்ட்ரல் லீக் பெரும்பாலும் அப்படிப்பட்ட அணிகளுக்கானது. அன்றைக்கு ‘எடுத்து வைத்தவர்கள்’ என்ற பெயர் பொருந்தியது.

இன்று அந்த அணியின் வேலையே வேறு. பதினேழு வயது நடுக்கள வீராங்கனை ஒருவரை எண்ணிப் பாருங்கள். பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் பந்தை வாங்கி, திரும்பி, யாருக்குக் கொடுக்கலாம் என்று பார்க்க அவருக்கு நேரம் இருந்தது. நேராக முதல் அணிக்குப் போனால் அந்த நேரம் கிடைக்காது. பந்து காலுக்கு வருமுன் எதிராளியின் தோள் வந்து மோதும். இரண்டுக்கும் நடுவே, வளர்ந்த பெண்களுக்கு எதிராக வாரந்தோறும் ஆடிப் பழக ஓர் இடம் வேண்டும். முதல் அணி ஆடுகிற அதே முறையிலேயே ஆடப் பழகவும் வேண்டும். அந்த இடம்தான் இந்த அணி. ஸ்பெயின் வீராங்கனை அய்ட்டானா பொன்மாட்டி பார்சிலோனாக் கழகத்தின் இரண்டாவது அணியான பி அணியில் ஆடித்தான் 2016-இல் முதல் அணிக்கு வந்தார். பிறகு 2023, 2024, 2025 என்று தொடர்ந்து மூன்று முறை, உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் டோர் விருதை வென்றார். அவர் ‘இருப்பில்’ இருந்தார் என்று எழுத எப்படி மனம் வரும்?

‘இருப்பு’ என்றால் தமிழில் என்ன? கையிருப்பு, சரக்கிருப்பு, வங்கியில் மீதி இருப்பு. எல்லாம் அசையாமல் கிடப்பவை, எடுத்தால் குறைபவை. தானியத்துக்கும் பணத்துக்கும் அது நல்ல சொல். மனிதருக்கு வைத்தால் பொருளே கெட்டுவிடும். ‘மகளிர் இருப்பு அணி’ என்பதைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். ‘மகளிர் இருப்பு’ என்று கண் பிரித்துவிட்டால் பெண்களைச் சரக்காக எண்ணிச் சொன்னதுபோல ஆகிறது. எழுதியவர் அப்படி நினைத்திருக்க மாட்டார், எனக்கும் தெரியும். ஆனால் படிப்பவர் முன்னால் இருப்பது எழுதியவரின் நினைப்பு அல்ல, சொல்தான்.

இதைவிட மோசம் ‘ஒதுக்கப்பட்ட அணி’. இதைக் கணினி மொழிபெயர்ப்பு கொடுத்திருக்கும், யாரோ திருத்தாமல் விட்டிருப்பார்கள். பெண்கள் கால்பந்தில் இந்தச் சொல்லுக்கு வலிக்கிற வரலாறு இருக்கிறது. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 1921-இல் தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை போட்டது; அது விலக ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆனது. மேற்கு ஜெர்மனியில் 1955 முதல் 1970 வரை தடை இருந்தது. உண்மையாகவே ஒதுக்கப்பட்டவர்கள் அவர்கள். இன்று ஒரு கழகம் இளம்பெண்களுக்குப் பயிற்சியாளரும் மைதானமும் கொடுத்து வளர்க்கிற அணியைப் போய் ‘ஒதுக்கப்பட்ட அணி’ என்றால், நடப்பதற்கு நேர் எதிராக அல்லவா சொல்கிறோம்?

‘மாற்று அணி’ என்பாரும் உண்டு. மாற்று ஆட்டக்காரர் முதல் அணியின் பெஞ்சில் இருப்பவர். இந்த அணிக்கோ தனிப் பயிற்சியாளர், தனி அட்டவணை. இரண்டையும் குழப்பக் கூடாது. சரி, ‘இளையோர் அணி’? அது வயது வரம்பைச் சொல்லும் சொல். பல நாடுகளில், முழங்கால் தசைநார் அறுந்து மாதக்கணக்கில் வெளியே இருந்த மூத்த வீராங்கனையும் முதலில் இந்த அணியில் சில நிமிடங்கள் ஆடித்தான் திரும்புவார். அதனால் இதுவும் முழுக்கப் பொருந்தாது. ‘இளைஞர் அணி’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், கட்சிக் கூட்டம் நினைவுக்கு வரும்.

மற்ற மொழிக்காரர்கள் ‘ரிசர்வ்’ என்பதைப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை. ஜெர்மானியர்கள் கழகத்தின் பெயருக்குப் பின்னால் ரோமன் இரண்டு போடுகிறார்கள். ஸ்பெயினில் பி அணி என்கிறார்கள். அல்லது ‘ஃபிலியல்’, மகன், மகள் என்ற லத்தீன் சொற்களின் வேரிலிருந்து வந்தது. இத்தாலியில் இளம் வீராங்கனைகளின் போட்டிக்குப் ‘பிரிமவேரா’ என்று பெயர், அதாவது இளவேனில். ஆங்கிலத்திலேயே ஆண்களின் பிரீமியர் ரிசர்வ் லீக் 2012-இல் முடிந்து, இருபத்தொரு வயதுக்குட்பட்டோர் போட்டியாக மாறியது. ஆங்கிலேயர்களே கைவிட்டுவரும் சொல்லின் அகராதிப் பொருளை நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்?

நான் சொல்வது ‘வளரணி’. வளர்பிறை போல இது வினைத்தொகை. வளர்ந்த, வளர்கிற, வளரும் என்று மூன்று காலமும் அதில் அடங்கும். ‘வளர்வது ஆட்டக்காரர்தானே, அணி இல்லையே’ என்று ஒரு நண்பர் கேட்டார். விளைநிலத்தில் விளைவது பயிரா, நிலமா? தமிழ் இந்தக் கேள்விக்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. காயத்திலிருந்து மீள்பவர் உடல்வலு கூட்டிக்கொள்ள வந்து ஆடுவதற்கும் இந்தச் சொல் தடை சொல்லாது.

‘இரண்டாம் அணி’ என்பதையும் நான் மறுக்கவில்லை. புள்ளிப்பட்டியலில் அதுதான் வசதி. ஸ்பெயினிலும் ஜெர்மனியிலும் இந்த அணி தன் பிரிவில் முதலிடம் பிடித்தாலும் முதல் அணி ஆடும் பிரிவுக்கு ஏற முடியாது. அந்த விதியை விளக்கும்போது ‘இரண்டாம் அணி’ சட்டென்று புரியும். ‘இரண்டாம் நிலை அணி’, ‘இரண்டாம் தர அணி’ என்று நீட்டினால்தான் கெடுகிறது. அப்படி நீட்டுவதும் நடக்கிறது.

மொழிபெயர்ப்பவர்களிடம் எனக்கு உள்ள வருத்தம் இதுதான்: அகராதியைத் திறக்கிறார்கள், ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. ‘ரிசர்வ்’ என்பதற்குத் தமிழில் ஒரே சொல் கிடையாது. காட்டுக்குக் காப்புக்காடு என்றோம், ரயில் இருக்கைக்கு முன்பதிவு என்றோம், வேலைவாய்ப்பில் இடஒதுக்கீடு என்றோம். ஒவ்வொரு முறையும் அந்தப் பொருள் என்ன செய்கிறது என்று பார்த்துத்தான் சொல் வைத்தார்கள். கால்பந்துக்கு வரும்போது மட்டும் அந்தப் பொறுமை எங்கே போனது?

ஆகவே ‘மகளிர் வளரணி’, ‘வளரணிப் பயிற்சியாளர்’, ‘வளரணியிலிருந்து முதல் அணிக்கு’ என்று எழுதலாம். பெஞ்சில் இருப்பவர் மாற்று ஆட்டக்காரர். லீக்கின் பெயரிலேயே ‘ரிசர்வ்’ இருந்தால் அது பெயர்ச்சொல், அப்படியே விடுங்கள். ‘வளரணி’ பிடிக்கவில்லை என்றால் ‘ரிசர்வ் அணி’ என்றே எழுதுங்கள், வாசகருக்குப் புரியும். ‘இருப்பு’ மட்டும் வேண்டாம்.