டானின்: தமிழில் துவர்ப்பொருள்

சிவப்பு ஒயினை ஒரு மிடறு விழுங்கியதும் ஈறும் கன்னத்தின் உட்புறமும் வறண்டுபோய், நாக்கு மேலண்ணத்தில் சொரசொரவென்று உரசும். அப்படி உரச வைப்பது டானின். விலை குறைந்த ஒயினை வீட்டுச் சமையலோடு பரிமாறும்போது இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இது தோல் தொழிலில் பிறந்த சொல். தோல் பதனிடுவதற்காக இடித்துப் பொடித்த ஓக் மரப்பட்டையைப் பழைய பிரெஞ்சில் 'தான்' என்றார்கள். அதன் வேர் கெல்ட்டிய மொழிகளில் இருக்கலாம். பிரான்சின் வடமேற்கில் பேசப்படும் கெல்ட்டிய மொழியான பிரெத்தோனில் ஓக் மரத்துக்கு 'தன்' என்றும் ஒரு பெயர் உண்டு. பட்டையிலிருந்து இறங்கித் தோலைப் பதப்படுத்தும் பொருளுக்கு 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சில் 'தானின்' என்ற பெயர் வந்தது. ஆங்கிலம் வழியாக நமக்கு அது டானின் ஆயிற்று.

பதனிடும் தொட்டியில் நடப்பதுதான் வாயிலும் நடக்கிறது. டானின் புரதத்தைக் கண்டால் பற்றிக்கொள்ளும். தொட்டியில் தோலின் புரதத்தைப் பற்றுகிறது. வாயில் எச்சிலுக்கு வழுவழுப்பைத் தரும் புரதங்களைப் பற்றித் திரள வைக்கிறது. வழுவழுப்பு போனால் மிஞ்சுவது உராய்வு. ஆகவே இது பெரும்பாலும் தொடுஉணர்வு. கசப்பு வேறு, அது நாக்கின் சுவைமொட்டுகள் அறிவது. சில டானின்கள் கசக்கவும் செய்வதால் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள்.

தமிழில் இதற்குச் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. அறுசுவையில் ஒன்றாகவே துவர்ப்பு இருக்கிறது. 'துவர்' என்ற அடிச்சொல்லுக்குத் துவர்ப்புச் சுவை, சிவப்பு நிறம், ஈரம் உலர்தல் ஆகிய மூன்று பொருளும் உண்டு. துவராடை என்றால் செந்நிற ஆடை. ஈரம் துடைக்கும் துண்டு துவர்த்து. சிவப்பு ஒயினுக்கு இதைவிடப் பொருத்தமான வேர்ச்சொல் கிடைக்காது. வாயில் உணர்வதைத் துவர்ப்பு என்றும், அதை உண்டாக்கும் பொருளைத் துவர்ப்பொருள் என்றும் எழுதினால் குழப்பம் வராது. 'டானின் அமிலம்' என்று எல்லா இடத்திலும் எழுதுவது சரியல்ல; அது இந்தக் குடும்பத்தில் ஒரு வகை மட்டுமே.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். சீசாவில் 'டிரை' என்று இருந்தால் இனிப்பு இல்லை என்று பொருள், வாய் வறளும் என்று பொருளில்லை. 'உலர் ஒயின்' என்று மொழிபெயர்ப்பதைவிட 'இனிப்பற்ற ஒயின்' என்பதே தெளிவு.

துவர்ப்பொருள் திராட்சையின் தோல், விதை, காம்பு மூன்றிலும் இருக்கிறது. சிவப்பு ஒயின் தோலோடும் விதையோடும் நொதிப்பதால் அது சாற்றில் இறங்கிவிடும். வெள்ளை ஒயினுக்கு நொதிக்கும் முன்பே சாற்றைப் பிழிந்து பிரித்துவிடுவதால் துவர்ப்பு மிகக் குறைவு. ஓக் பீப்பாயில் வைத்தால் மரத்திலிருந்தும் கொஞ்சம் சேரும். விலைக்கும் துவர்ப்புக்கும் உள்ள உறவு இங்கேதான் வருகிறது. நன்றாகப் பழுத்த பழம், நல்ல பீப்பாய், பல ஆண்டுக் காத்திருப்பு ஆகியவை துவர்ப்பை மென்மையாக்கும், மூன்றுக்கும் செலவாகும். அதனால் பணம் அளவாக இருக்கும்போது கபெர்னே சோவிஞ்ஞோன், நெபியோலோ, தன்னா போன்ற துவர்ப்பு மிகுந்த திராட்சை வகைகளில் மலிவானதைத் தேடுவது வீண். கமே, பார்பெரா போன்ற துவர்ப்பு குறைந்த வகைகளில் அதே பணத்துக்கு நல்ல சீசா கிடைக்கும்.

உணவோடு இது எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பார்க்க ஒயினே தேவையில்லை. பால் சேர்க்காத தேநீரைப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் குடித்துப் பாருங்கள், வாய் இறுகும். அதிலேயே கொஞ்சம் பால் ஊற்றிக் குடியுங்கள், இறுக்கம் தளர்ந்திருக்கும். எச்சிலுக்குப் பதில் பாலின் புரதம் துவர்ப்பொருளிடம் சிக்கிக்கொண்டது. துவர்ப்பான ஒயினுக்குக் கொழுப்புள்ள இறைச்சியும் பாலாடைக்கட்டியும் ஒத்துப்போவதற்கும் இதுவே காரணம்.

காரம் இதற்கு நேர் எதிர். மிளகாயின் எரிச்சலை ஒயினிலுள்ள சாராயம் (ஆல்கஹால்) தூண்டும், துவர்ப்பு அதோடு சேர்ந்து வாயைப் புண்ணாக்கியது போலச் செய்யும். காரமான சாப்பாட்டுக்கு 11 சதவீதத்துக்குக் கீழே சாராயமும் கொஞ்சம் இனிப்பும் உள்ள ரீஸ்லிங் போன்ற வெள்ளை ஒயின் போதும், அதையும் நன்றாகக் குளிர்வித்துப் பரிமாறுங்கள். மீனோடு சிவப்பு ஒயின் குடித்தால் வரும் உலோகக் கவிச்சிக்குத் துவர்ப்பை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒயினிலுள்ள இரும்புக்கும் அதில் பங்கு உண்டு. காளான், சோயா சாஸ் போன்றவற்றின் ஆழ்ந்த சுவை துவர்ப்பையும் கசப்பையும் தூக்கிக் காட்டும். அப்போது உணவில் ஒரு சிட்டிகை உப்பும் சில துளி எலுமிச்சைச் சாறும் சேர்த்தால் ஒயின் இளகிவிடும். இனிப்பான குழம்போடு இனிப்பற்ற சிவப்பு ஒயின் வைத்தால் ஒயின் புளிப்பும் கசப்புமாகத்தான் தெரியும். அதை உப்பால் சரிக்கட்ட முடியாது.

சீசாவைத் திறந்த பிறகுதான் துவர்ப்பு அதிகம் என்று தெரிந்ததா? முதலில் வெப்பநிலையைப் பாருங்கள். மிகவும் குளிர்ந்தால் துவர்ப்பு முரடாகும், சூடேறினால் சாராய நெடி மேலோங்கும். துவர்ப்பான சிவப்பு ஒயினுக்கு 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் சரி. அறை வெப்பமாக இருந்தால் குளிர்பெட்டியில் 20 நிமிடம் வைத்தெடுங்கள். பிறகு அகன்ற குடுவையில் ஊற்றி அரை மணி முதல் ஒரு மணி நேரம் காற்றாட விடுங்கள். அப்படியும் இறுக்கம் போகாவிட்டால் தனியாகக் குடிக்க வேண்டாம், சாப்பாட்டோடு மட்டும் குடியுங்கள். அந்த ஒயினைக் குழம்பில் ஊற்றிச் சுண்டவிடவும் வேண்டாம்: சாராயம் ஆவியாகும், துவர்ப்பொருள் ஆவியாகாமல் அடர்ந்து நின்றுவிடும்.