பழைய காரில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றச் சொல்லாதீர்கள்

கோடை சீசன் வந்துவிட்டால் கல்லாறு தாண்டி குன்னூர் போகிற வழியில் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும் கார்களைத் தினமும் பார்க்கலாம். குழந்தைகள் கீழே இறங்கி நிற்கும், அப்பா கையில் வாட்டர் பாட்டிலோடு ரேடியேட்டரையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த வண்டிகளில் சில எங்கள் பட்டறைக்கு இழுத்து வரப்படும். போன வாரம் வந்தது ஒரு பழைய மாருதி 800. சிலிண்டர்களுக்கு மேலே மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றினால், இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதுக்கும் நடுவில், ஹெட்டுக்கு அடியில் ஒழுகாமல் அடைக்கிற கேஸ்கட் கருகி வழி விட்டிருக்கிறது. ஹெட்டின் அடிப்பக்கம் ஸ்ட்ரெய்ட் எட்ஜை (நேர்ப்பட்டையை) வைத்து, சந்தை அளக்கிற ஃபீலர் கேஜ் விட்டால் 0.10 மில்லிமீட்டர் தகடு தடையே இல்லாமல் உள்ளே போகிறது, 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைந்திருக்கக் கூடாது. அப்புறம் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கைத் திறந்தேன். இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மறித்து, சூடானதும் திறந்துவிடுகிற வால்வுதான் தெர்மோஸ்டாட். உள்ளே ஒன்றும் இல்லை, காலி.

கேட்டால் ஓனர் சொல்கிறார், "நம்ம ஊரு வெயிலுக்கு அதெல்லாம் எதுக்குங்கண்ணா, எங்க மெக்கானிக் அன்னைக்கே கழட்டிட்டாருங்க." இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தெர்மோஸ்டாட் குளிர் நாட்டுச் சமாச்சாரம், நம் ஊரில் அது தண்ணீரை மறிக்கிற வேலையை மட்டும்தான் செய்கிறது என்று ஒரு நம்பிக்கை. சரி, கொஞ்சம் யோசியுங்கள். பெரும்பாலான பழைய பெட்ரோல் கார்களில் தெர்மோஸ்டாட் 82 டிகிரி அல்லது 88 டிகிரியில் திறக்க ஆரம்பிக்கும். கோயம்புத்தூரில் வெளியே 38 டிகிரி, ஊட்டியில் 12 டிகிரி என்று வைத்துக்கொண்டாலும் இன்ஜினுக்கு இரண்டுமே குளிர்தான். அது சுமார் 90 டிகிரியில் ஓடத்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. பிஸ்டன் இடைவெளி, ஆயிலின் பதம், பெட்ரோல் கலவை எல்லாமே அந்தச் சூட்டை வைத்துக் கணக்குப் போட்டவை. தெர்மோஸ்டாட் இல்லாத எம்பிஎஃப்ஐ வண்டியில் (கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் விடுகிற வண்டி) இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று சென்சார் சொல்லிக்கொண்டே இருக்கும், கம்ப்யூட்டரும் பெட்ரோலைக் கூடுதலாக விட்டுக்கொண்டே இருக்கும். மைலேஜ் இறங்கும், கூடுதல் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும், பிஸ்டன் ரிங் தேயும். மூன்று வருஷம் கழித்து "ஆயில் குடிக்குது" என்று வருவார்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் யாரும் காதில் வாங்குவதில்லை. இன்ஜின் நன்றாகச் சூடேறிவிட்டால் தெர்மோஸ்டாட் முழுசாகத் திறந்துதான் இருக்கும். அதாவது காட் ரோட்டில் முழு லோடோடு ஏறும்போது, நல்ல தெர்மோஸ்டாட் இருப்பதும் இல்லாததும் குளிர்விக்கிற விஷயத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். அதைக் கழற்றியதால் மலையில் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை. டவுனுக்குள் ஓட்டும்போது மட்டும் டெம்பரேச்சர் முள் கீழே நிற்கும், ஓனர் "பிரச்சினை தீர்ந்துச்சு" என்று நினைத்துக்கொள்வார், அடைத்துக்கிடக்கும் ரேடியேட்டர் அடைத்தபடியே இருக்கும். சில இன்ஜின்களில் இன்னும் மோசம். தெர்மோஸ்டாட்டின் அடிப்பக்கத் தட்டு பைபாஸ் வழியை மூடுகிற மாதிரி அமைப்பு இருக்கும், அதைக் கழற்றினால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றி வரும்.

அம்பாசடர் காலத்தில் இப்படித்தானே ஓட்டினோம் என்று மூத்த மெக்கானிக்குகள் சொல்வார்கள். அது இரும்பு ஹெட், தாங்கியது. அலுமினியம் ஹெட் ஒரு தடவை நன்றாகக் கொதித்தாலே வளைந்துவிடும்.

தெர்மோஸ்டாட் கெட்டுப்போகாது என்று நான் சொல்லவில்லை. மூடிய நிலையில் சிக்கிக்கொள்ளும், அப்போது வண்டி நிச்சயமாகக் கொதிக்கும். கழற்றி ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்து, தெர்மாமீட்டரோடு பாருங்கள். அதன் மேல் அச்சடித்திருக்கும் டிகிரிக்குப் பக்கத்தில் திறக்க ஆரம்பிக்க வேண்டும், ஆறினால் மூட வேண்டும். இல்லையென்றால் புதுசு போடுங்கள், சில நூறு ரூபாய்ச் சாமான். வழியில் மாட்டிக்கொண்டு வீடு வந்து சேருவதற்காகக் கழற்றினால் தப்பில்லை, ஆனால் மறுநாளே புதுசு உள்ளே போக வேண்டும்.

அடுத்தது தண்ணீர். "சிறுவாணித் தண்ணிதானுங்க ஊத்துறேன், போர் தண்ணி இல்லீங்க" என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. போர் தண்ணீரில் இருக்கும் உப்பு ரேடியேட்டர் குழாய்களில் படிந்து அடைக்கும், அது உண்மை. ஆனால் எவ்வளவு நல்ல தண்ணீராக இருந்தாலும் வெறும் தண்ணீர் அலுமினியத்தை அரிக்கும், வாட்டர் பம்ப் இறக்கையைத் தின்னும். ரேடியேட்டருக்கென்றே விற்கிற கூலன்ட்டில் இருக்கும் துரு தடுக்கும் மருந்துதான் நமக்கு முக்கியம், உறையாமல் காப்பது நமக்கு அவ்வளவாகத் தேவைப்படாது. அந்த மருந்து தீர்ந்துபோகும், அதனால் சாதாரணப் பச்சை கூலன்ட்டை 2 வருஷம் அல்லது 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நிறத்தைப் பார்த்து ஒன்றோடு ஒன்று கலக்காதீர்கள், ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குச் சாயம் போடுகிறது. வடித்த பழைய கூலன்ட்டை வாசலில் கொட்டிவிடாதீர்கள், தயவுசெய்து. அது இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் செத்துவிடும், குழந்தைக்கும் விஷம்.

வண்டி எப்போது சூடாகிறது என்பதை ஓனர் சரியாகச் சொன்னாலே எங்கள் வேலை பாதி முடிந்துவிடும். சிக்னலில் நிற்கும்போது முள் ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் முதலில் ஃபேனைப் பாருங்கள்: மோட்டார், ஃப்யூஸ், ரிலே, ரேடியேட்டரில் இருக்கும் ஃபேன் சுவிட்ச். ஏசியைப் போட்டதும் ஃபேன் சுற்றுகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். டவுனில் ஒன்றும் இல்லாமல் பைபாஸ் ரோட்டிலும் மலையிலும் மட்டும் முள் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு அல்லது வாட்டர் பம்ப். வெளியே ஒழுக்கே தெரியாமல் தண்ணீர் மட்டும் குறைந்துகொண்டே வந்தால் இடதுபக்க சீட்டுக்கு முன்னால் கால் வைக்கிற மேட்டை (விரிப்பை) தூக்கித் தொட்டுப் பாருங்கள், ஈரமாக இருந்தால் ஹீட்டர் கோர், அதாவது ஹீட்டருக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர், ஒழுகுகிறது. அங்கே காய்ந்திருந்தால் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். பால் விட்ட டீ நிறத்தில் கொழகொழவென்று அப்பியிருந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்பட வேண்டும். தினமும் ஒரு கிலோமீட்டர் மட்டும் ஓடுகிற வண்டியில் ஈரப்பதத்தாலும் கொஞ்சம் அப்படிப் படியும், அதனால் ஆயில் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக்கையும் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

ரேடியேட்டர் மூடியை யாரும் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. அது வெறும் மூடி கிடையாது. 0.9 பார் அழுத்தம் தாங்குகிற மூடி சரியாக இருந்தால் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும், ரப்பர் வாஷர் செத்த மூடியில் 100 டிகிரியிலேயே கொதித்து வெளியேறிவிடும்.

இப்போது வழியில் முள் ஏறிவிட்டால் என்ன செய்வது. ஏசியை உடனே நிறுத்துங்கள். ஹீட்டர் இருந்தால் முழுசாகத் திறந்து ப்ளோயரைக் கூட்டுங்கள், அது இன்ஜின் சூட்டை இழுத்து உள்ளே விடும், வியர்த்துக் கொட்டும், பரவாயில்லை. (நம் ஊரில் பாதி பழைய வண்டிகளில் ஹீட்டர் ஹோஸைக் கழற்றி ஒன்றோடு ஒன்று சேர்த்துவிட்டிருப்பார்கள், அதுவும் தப்பான வேலைதான்.) முள் இறங்கவில்லையா, ஓரம் கட்டி இன்ஜினை அணையுங்கள். "இன்னும் ரெண்டே வளைவு, போய்டலாம்" என்று ஓட்டுகிற அந்த ஐந்து நிமிஷத்தில்தான் ஹெட் வளைகிறது. ஏறின முள் திடீரென்று கீழே விழுந்தால் சந்தோஷப்படாதீர்கள், தண்ணீர் முழுவதும் போய் சென்சார் காற்றில் நிற்கிறது என்று அர்த்தம், அதுதான் இருப்பதிலேயே ஆபத்தான நேரம். பேட்டரி லைட் எரிந்தாலும் நிறுத்துங்கள். பல பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது, "பேட்டரிதானே, ஊருக்குப் போய் பாத்துக்கலாம்" என்று ஓட்டினால் கொஞ்ச தூரத்தில் இன்ஜின் போய்விடும்.

கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியில் கை வைக்காதீர்கள். ஈரத்துணி போட்டுத் திறக்கலாம் என்பதெல்லாம் வேண்டாம், முகமும் கையும் வெந்துபோய் ஆஸ்பத்திரிக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். அரை மணி நேரமாவது போகட்டும். மேல் ஹோஸை வெளியிலிருந்து லேசாகத் தொட்டுப் பார்த்து, சூடு அடங்கி அழுத்தம் இல்லாமல் தொளதொளவென்று இருந்தால் மட்டும் திறங்கள். பச்சைத் தண்ணீரை மடமடவென்று ஊற்றாதீர்கள், காய்ந்த அலுமினியத்தில் விரிசல் விழும். கொஞ்சம் கொஞ்சமாக, இன்ஜின் ஆறின பிறகு.

ஹெட் வேலை செய்ய நேர்ந்துவிட்டால், மூடுவதற்கு முன்னால் ஃபீலர் கேஜ் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஃபேஸிங் அடிக்காமல் (வளைந்த ஹெட்டை மட்டமாகச் சீவாமல்) புது கேஸ்கட்டை மட்டும் போட்டு மூடினால் அது சீக்கிரமே திரும்பப் போகும். தெர்மோஸ்டாட் உள்ளே இருக்கிறதா என்பதையும் உங்கள் கண்ணால் பாருங்கள், "போட்டாச்சுங்க" என்ற வார்த்தையை மட்டும் நம்பாதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஊட்டிக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் வந்து "சும்மா ஒரு தடவை பாத்துடுங்கண்ணா" என்று நிற்காதீர்கள். பித்தளை ரேடியேட்டராக இருந்தால் டேங்கைப் பிரித்து ராட் விட்டு அடைப்பெடுத்துத் திரும்பப் பற்றவைக்க ஒரு நாள் போய்விடும். பிளாஸ்டிக் டேங்க் வைத்த அலுமினிய ரேடியேட்டரில் அந்த வேலையே நடக்காது, புதுசு வாங்கியாக வேண்டும், பழைய மாடலுக்குக் கடையில் உடனே கிடைக்காது. பத்து நாள் முன்னாடி வண்டியைக் கொண்டு வாருங்கள்.