பழைய கதவு வாங்கப் போகிறீர்களா? முதலில் பெயிண்ட்டைப் பாருங்கள்

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே என் வாட்சப்பில் கதவுப் படங்கள் வர ஆரம்பித்துவிடும். "அக்கா, ஈப்போவில் பழைய சாமான் கடையில் பார்த்தேன், தவுக்கே 800 வெள்ளி சொல்றாரு, சாமி மேடைக்குப் பின்னால வெச்சா நல்லா இருக்கும்ல?" சுங்கை சிப்புட்டில் உள் அலங்கார வேலை பார்க்கிற எனக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்குள் பழைய மரத்தைத் தேடிக் கொண்டுவருவது நல்ல விஷயம். 2000-இல் வாடகைக் கட்டுப்பாடு முடிவுக்கு வந்த பிறகு பினாங்கில் எத்தனையோ பழைய கடைவீடுகள் கைமாறின, இடிபட்டன. அப்படிக் கழற்றிய கதவும் ஜன்னலும் இன்றைக்கும் கடைகளில் கிடைக்கின்றன, அந்த மரத்தை இன்று புதிதாக வாங்கப் போனால் விலை கேட்டே திரும்பிவிடுவோம்.

ஆனால் நான் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி விலையைப் பற்றியதல்ல. அதில் எத்தனை அடுக்கு பெயிண்ட் இருக்கிறது, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா, இதைத்தான் கேட்பேன்.

பழைய எண்ணெய்ப் பெயிண்ட்டில் ஈயம் கலப்பது ஒரு காலத்தில் சாதாரண விஷயம். சீக்கிரம் காயும், நிறம் பளிச்சென்று நிற்கும், ஈரத்தைத் தாங்கும், அதனால் கலந்தார்கள். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்ட்டில் அதை 1978-இல் தடை செய்தார்கள், அதற்கும் முன்னாலேயே பூசப்பட்ட கதவுகள்தான் நாம் ஆசைப்பட்டு வாங்குகிறவை. பிள்ளைகளுக்கு இவ்வளவு ஈயம் வரை பாதுகாப்பு என்று ஓர் அளவே இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் போகிற ஈயத்தைப் பெரியவர்களைவிடச் சிறு பிள்ளைகளின் உடம்பு நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறது, அது மூளை வளர்ச்சியைத்தான் தொடுகிறது. இதில் எனக்கு மிகவும் பயம் தருவது காலம்தான்: நம் வீடுகளில் சுரண்டுவதும் தேய்ப்பதும் தீபாவளிக்கு முன்னால், பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் அதே போர்ட்டிகோவில் விளையாட, தலைத் தீபாவளிக்கு வந்த கர்ப்பிணி மகள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, அப்பா மிஷின் வைத்துக் கதவைத் தேய்த்துக்கொண்டிருப்பார். அந்தத் தூசு தரையில் படியும், கையில் ஒட்டும், கை வாய்க்குப் போகும். கர்ப்பிணியின் இரத்தத்தில் சேர்ந்த ஈயம் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் போகும்.

கண்ணால் பார்த்து ஈயம் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. அதனால் நான் பழைய பெயிண்ட் எல்லாவற்றிலும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலை செய்கிறேன். பெயிண்ட் உரியாமல் கெட்டியாக இருந்தால் தொடாதீர்கள், ஈரத் துணியால் துடைத்து மேலே தெளிவான வார்னிஷ் பூசி, பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் சுவரில் அசையாமல் பொருத்துங்கள். தினமும் திறந்து மூடுகிற கதவாக மட்டும் வேண்டாம், ஓரம் உரசி உரசித் தூசு உதிர்ந்துகொண்டே இருக்கும். பெயிண்ட்டை எடுத்தே ஆகவேண்டும் என்றால் பட்டறையில் கொடுங்கள், நனைத்தோ பெயிண்ட் ரிமூவர் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். உலர்வாகத் தேய்க்கக் கூடாது, நெருப்பு காட்டவே கூடாது, சூட்டில் ஈயம் புகையாகவே கிளம்பும். சாதாரண முகக்கவசம் இதற்குப் போதாது. ஏற்கெனவே வீட்டிலேயே தேய்த்துவிட்டோம் என்கிறீர்களா? கூட்டாதீர்கள், ஈரத்தால் துடைத்து எடுங்கள், அப்புறம் பிள்ளைகளுக்கு இரத்தத்தில் ஈய அளவு பார்க்கவேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

சரி, மரம். செங்கால் மரம் தூக்கினாலே தெரியும், அவ்வளவு கனம், கறையானுக்கும் எளிதில் இடம் கொடுக்காது. மெராந்தி லேசு. கதவைச் சாய்த்து அடிப்பகுதியைப் பாருங்கள், விரலால் தட்டுங்கள், கசகசா மாதிரிப் பொடி கொட்டினால் உள்ளே கறையான் குடியிருக்கிறது. மண்ணுக்கடியிலிருந்து ஏறிவரும் கறையான் வேறு கதை, பால்மரத்தையே (ரப்பர் மரத்தையே) தின்கிற இனம் உண்டு, நம் தாமான்கள் பல பால்மரக் காட்டை வெட்டிக் கட்டியவை, வேர்க்கட்டைகள் இன்னும் மண்ணுக்கடியில் கிடக்கும். அதனால் பழைய மரத்தை நேரே தரையில் நிறுத்தாதீர்கள்.

அளவு தெரியாமல் வாங்குவதும் அடிக்கடி நடக்கிறது. கடைவீட்டுக் கதவு நம் 20 அடி அகல வீட்டின் நிலைக்குப் பொருந்தாது, உயரம் கூடுதலாக இருக்கும், அறுத்தால் செதுக்குவேலை போய்விடும். நான் சொல்வது, முதலில் புதுப் பொருள் கடைக்குப் போங்கள். பத்து காவானில் 2019-இல் திறந்த ஐக்கியா மாதிரி இடத்தில் அறை அறையாக அடுக்கிக் காட்டுகிறார்கள், டேப்போடு போய் நாற்காலிக்கும் சுவருக்கும் எவ்வளவு இடைவெளி, விளக்கு எந்த உயரம் என்று அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள். ஒன்றும் வாங்கவேண்டாம். அந்தக் குறிப்போடு பழைய சாமான் கடைக்குப் போனால் கை தேவையானதை மட்டும் எடுக்கும்.

லயம் இடிக்கிற இடத்திலிருந்து சாம்பல் நிற அலைத் தகடு கொண்டுவந்து கார் நிறுத்துமிடத்துக்குக் கூரை போடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். பழைய சிமெண்ட் தகட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், துளை போட்டால், உடைத்தால் நார் பறக்கும், அதனால் வருகிற நுரையீரல் புற்றுநோய் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தெரியும். பழைய மின்விளக்கு, ஃபேன் வாங்கினால் உள்ளே இருக்கிற வயரைப் பதிவுபெற்ற வயர்மேனிடம் கொடுத்து மாற்றிவிட்டுத்தான் மாட்டவேண்டும்.

கடைசியாக மங்கு. அம்மா பால்மரம் வெட்டியபோது பால் பிடித்த பீங்கான் கிண்ணமான மங்கு, அந்தப் பாலைத் தோளில் சுமந்த காண்டா வாளி இவற்றைச் செடிக்கும் அலங்காரத்துக்கும் வைப்பது இப்போது எல்லா இடத்திலும் பார்க்கிறேன், எனக்கும் அது மனசுக்கு நெருக்கமானது. வெளியே வைத்தால் மழைத் தண்ணீர் தேங்கும், ஒரு வாரம் பத்து நாளில் ஏடிஸ் கொசு பறந்துவிடும். நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டம் 1975-இன்படி 500 வெள்ளி வரை கம்பவுண்ட் வரும், டெங்கி வந்தால் அதைவிடப் பெரிய கஷ்டம். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, முட்டை உட்சுவரில் ஒட்டிக் காய்ந்தபடியே பல மாதம் இருக்கும், பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவவேண்டும். வாளிக்கு அடியில் துளை போடுங்கள், பீங்கான் மங்கைத் துளைக்க மனசு வராவிட்டால் வீட்டுக்குள் அலமாரியில் வையுங்கள்.