ஆர்.ஓ. மெஷின் டியூப்: கையில் தெரியாத 0.35 மில்லிமீட்டர்

காலை ஆறரை மணிக்கு போன். "தம்பி, கிச்சன்ல கால் வைக்க முடியல, தண்ணி ஹால் வரைக்கும் வந்திடுச்சு." முந்தின நாள் சாயங்காலம் அந்த வீட்டு ஆர்.ஓ. மெஷினுக்கு டியூப் மாற்றியது நான்தான். ஓடிப்போய்ப் பார்த்தால், தண்ணீர் உள்ளே வரும் டியூப் கனெக்டரிலிருந்து கழன்று தரையில் கிடக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் நடந்தது. தப்பு முழுக்க என்னுடையது.

அன்று பையில் இருந்த டியூப் தீர்ந்துவிட்டது. பக்கத்தில் ஏர் கம்ப்ரசர் சாமான் கடை. அங்கே பார்க்க அதே மாதிரி இருந்த ஒன்றை வாங்கி மாட்டினேன். செருகியதும் பிடித்துக்கொண்டது, ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. ஆனால் ஆர்.ஓ. டியூப் கால் இஞ்ச், அதாவது வெளிவிட்டம் 6.35 மி.மீ. நான் வாங்கியது காற்று லைனுக்கான 6 மி.மீ. டியூப். விரலுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கனெக்டருக்குத் தெரியும்.

அந்த கனெக்டருக்குள் ஒரு வளையத்தில் சின்னச் சின்ன ஸ்டீல் பற்கள் இருக்கும். டியூப்பைக் கவ்வுவது அவைதான். அதற்கு அப்பால் ஒரு ஓ ரிங், அதாவது ரப்பர் வளையம். தண்ணீரை நிறுத்துவது அது. டியூப் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே போய் முட்டினால்தான் ஓ ரிங்கைத் தாண்டும். பல் கவ்வியதுமே 'ஆச்சு' என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய. முட்டும்வரை செருகி, ஒருமுறை பின்னால் இழுத்துப் பாருங்கள். அப்புறம் லாக் கிளிப் போடுங்கள்.

கத்தரிக்கோலால் வெட்டினால் டியூப் முனை நசுங்கிக் கோணலாகும். புது பிளேடால் நேராக வெட்டுங்கள். கழற்றி மாட்டும்போது, பழைய பல் தடம் விழுந்த முனையை நறுக்கி எறிந்துவிடுங்கள். அந்தக் கீறல் ஓ ரிங்மேல் உட்கார்ந்தால் கசியத்தான் செய்யும். இறுக்கமாக இருக்கிறது என்று தேங்காய் எண்ணெய் தடவிச் செருகுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். சில வகை ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிவிடும். தண்ணீர் தொட்டுக்கொண்டால் போதும்.

மெஷினுக்குள் அழுத்தம் அதிகம் இருப்பது தண்ணீரை அழுத்தித் தள்ளும் பூஸ்டர் பம்புக்கும், உப்பை வடிகட்டும் மெம்பரேனுக்கும் நடுவில். ஆனால் எனக்குப் பயம் அந்த இடத்தில் இல்லை. அங்கே ஒழுகினால் சுவிட்சை அணைத்ததும் நின்றுவிடும். குழாயிலிருந்து மெஷினின் சோலினாய்டு வால்வு (கரண்டில் திறந்து மூடும் வால்வு) வரை வரும் லைன் அப்படியில்லை. மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதில் அழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். கழன்றால், நிமிடத்துக்கு 2 லிட்டர் என்று வைத்தாலும் எட்டு மணி நேரத்தில் 960 லிட்டர். மாடித் தொட்டியே காலி. பிரஷர் பம்ப் போட்ட அபார்ட்மென்ட் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் அந்த ஒரு இடத்தில் மட்டும் பத்து இருபது ரூபாய் மிச்சம் பார்க்காதீர்கள். மூடித் திறக்கும் வால்வு பித்தளையில் இருக்கட்டும். பிளாஸ்டிக் மரையை ஸ்பேனர் போட்டு முறுக்கினால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது, மாதங்கள் கழித்து ஒரு ராத்திரியில் விரிசல் விடும்.

உடனே சிலர் 'எல்லாமே பித்தளையாகப் போட்டுவிடுங்களேன்' என்பார்கள். கூடாது. மெம்பரேனைத் தாண்டி வரும் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு; அது உலோகத்தை மெல்ல அரித்துத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். அதைத்தான் நாம் குடிக்கிறோம். ஆகவே முன்னால் பித்தளை, பின்னால் உணவுத் தரப் பிளாஸ்டிக். ஜன்னல் வெயில் படும் இடத்தில் கண்ணாடி மாதிரியான டியூப்பும் வேண்டாம், உள்ளே பாசி பிடிக்கும்.

அந்த அம்மா இப்போதும் என்னைத்தான் கூப்பிடுகிறார். வேலை முடிந்து நான் பையைத் தூக்கும்போது, சிங்க் அடியில் குனிந்து டியூப்பை ஒருமுறை தானே இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பார்.