மாத்திரைய நிறுத்துனா கலை பொங்கி வராதுங்க

போன மாசம் ஒரு நாள் ஓ.பி. முடிச்சு எழுந்திரிக்கிற நேரம், ஒருத்தர அவரோட தங்கச்சி கிட்டத்தட்ட கைய புடிச்சு இழுத்துட்டு வந்தாங்க. (அடையாளம் தெரியுற விஷயமெல்லாம் மாத்திட்டேன், ரெண்டு மூணு பேரோட கதையும் கலந்திருக்கு, யாருன்னு தேடாதீங்க.) அமெச்சூர் நாடகக் குழுல நடிக்கிறவரு, பகல்ல ஆபீஸ் வேலை, பைபோலார் (மனசு தலைகால் தெரியாம பொங்குறதும் அடியோட சோர்ந்து போறதும் மாறி மாறி வர்ற நோய்), அத கட்டுப்படுத்துற லித்தியம் மாத்திரைல அஞ்சு வருஷமா பிரச்சனை இல்லாம ஓடிட்டிருந்தவரு. இப்ப நாலு ராத்திரியா தூக்கம் இல்ல, குழு வாட்ஸப்ல விடிய விடிய வாய்ஸ் நோட், சேமிப்ப எடுத்து செட்டுக்கு மரம் ஆர்டர் பண்ணியாச்சு, எந்த நாடகத்துக்குன்னு குழுல யாருக்கும் தெரியாது. கையில ஒரு நோட்டு. எண்பது பக்கம் டாக்டர், நாலே நாள்ல எழுதுனேன்னு டேபிள் மேல போட்டாரு. மொத பக்கங்கள்ல கையெழுத்து கோட்டுல நின்னுச்சு, இருபதாவது பக்கத்துல கோட்ட விட்டு மேல ஏறிடுச்சு, அறுபதுக்கு மேல பக்கத்துக்கு நாலே வார்த்தை, அதுலயும் ஒரு வார்த்தைக்கு கீழ கோடு போட்டுப் போட்டு பேப்பரே கிழிஞ்சிருந்துச்சு.

மாத்திரைய எப்ப விட்டீங்கன்னு கேட்டேன். மூணு வாரம் ஆச்சாம். ஏன் விட்டீங்க? "ஒரு டாக் கேட்டேன் டாக்டர்."

படைப்பாற்றலும் மனநலமும். நாடகக் குழு நடத்துன கூட்டம்தான். பேசுனவரு மனநலத்துறை ஆளு இல்ல, நல்லா பேசுவாரு, அவ்ளோதான். காயம் இருந்தாத்தான் கலை வரும், மருந்து உங்கள நார்மல் ஆக்கும், நார்மலானவன் எவன் கலைஞன் ஆனான்னு மேடைல ஒரு போடு போட்டாராம், அரங்கமே கைதட்டுச்சாம். இவரும் தட்டிட்டு வீட்டுக்குப் போயி மாத்திரை டப்பாவ அலமாரி மேல தூக்கி வெச்சுட்டாரு.

இந்த வருஷம் இதே மாதிரி எனக்கு வந்த மூணாவது கேஸ் இது. அதான் உக்காந்து எழுதுறேன், கொஞ்சம் சூடா இருந்தா பொறுத்துக்கோங்க.

முதல்லயே சொல்லிடறேன், இந்த மாதிரி கூட்டங்களுக்கு நான் எதிரி இல்ல. மார்ச் 27 உலக நாடக தினம், அக்டோபர் 10 உலக மனநல தினம், இந்த ரெண்டு தேதிய ஒட்டி எனக்கே அழைப்பு வரும், நானும் போயி பேசிட்டுத்தான் இருக்கேன். கிளினிக் வாசப்படிய மிதிக்கவே கூச்சப்படுறவங்க நாடகம் பாக்க வருவாங்க, முடிஞ்சதும் ஓரமா வந்து "எங்க வீட்ல ஒருத்தருக்கு..."ன்னு ஆரம்பிப்பாங்க. அந்த அஞ்சு நிமிஷத்துக்காகவே போலாம். கலை உடம்புக்கும் மனசுக்கும் நல்லது பண்ணுதுன்னு 3000க்கும் மேல ஆய்வுகளப் பாத்துட்டு உலக சுகாதார நிறுவனம் 2019ல ஒரு அறிக்கையே போட்டிருக்கு. அதுல எனக்கு ஒரு சண்டையும் இல்ல. சண்டையெல்லாம் காயம் இருந்தாத்தான் கலை வரும்ங்கிற அந்த ஒரு வாக்கியத்தோடதான்.

வலிதான் கலைக்கு ஊத்துன்னு சொல்றவங்க எல்லாரும் மொத எடுத்துக்காட்டா ஓவியர் வான்காவத்தான் கொண்டு வருவாங்க. சரி, வான்காவயே எடுத்துப்போம். 1888 டிசம்பர்ல காத அறுத்துக்கிட்டாரு, அது எல்லாருக்கும் தெரியும். 1889 மே மாசம் அவராவே சம்மதிச்சு பிரான்ஸ்ல சான் ரெமிங்கிற ஊர்ல இருந்த மனநல விடுதில சேந்தாரு, ஒரு வருஷம் போல இருந்தாரு, அங்க மட்டும் சுமார் 150 ஓவியம் வரைஞ்சாரு. எல்லாரும் போஸ்டர்ல போடுற அந்த நட்சத்திர ராத்திரி அங்க 1889 ஜூன்ல வரைஞ்சது. அடுத்த மாசம் நோய் மறுபடி முத்துச்சு. அப்ப என்ன வரைஞ்சாருன்னு நினைக்கிறீங்க? பெயின்ட்ட எடுத்து தின்னாரு. அத பிடுங்கி வைக்க வேண்டியதாச்சு. ஆறு வாரம் போல படமே இல்ல. அதாவது தெளிவா இருந்தப்போ வரைஞ்சாரு, நோய் அடிச்சப்போ கை நின்னு போச்சு. கதைய தலைகீழா சொல்லிட்டிருக்கோம்ங்க நாம. நோய் இருந்ததால வரையல, நோய் விட்ட இடைவெளில ஓடி ஓடி வரைஞ்சிருக்காரு மனுஷன்.

இல்ல டாக்டர், அந்த ஹை இருக்கும்போது எவ்ளோ வேகமா வருதுன்னு உங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லுவாங்க. தெரியும். வேகம் உண்மைதான், அத நான் மறுக்கவே இல்ல. ஷூமன்னு ஜெர்மன் இசையமைப்பாளர், 1840ல ஒரே வருஷத்துல நூத்துக்கு மேல பாட்டு எழுதுனாரு, 1849லயும் அப்படி ஒரு வெள்ளம், நடுவுல 1844ல கிட்டத்தட்ட வறட்சி. ராபர்ட் வைஸ்பெர்க்ங்கிற உளவியலாளர் 1994ல ஒரு வேலை பண்ணுனாரு. ஷூமன் உற்சாகமா இருந்த வருஷங்கள்ல எழுதுனது, சோர்வுல எழுதுனது, இதுல எதெல்லாம் பின்னாடி அதிகமா ரெக்கார்ட் ஆகியிருக்குன்னு எண்ணிப் பாத்தாரு. எண்ணிக்கை கூடுச்சு, தரம் கூடல. அவ்ளோதான் விஷயம். அதே ஷூமன் 1854ல ரைன் ஆத்துல குதிச்சாரு, காப்பாத்திட்டாங்க, கடைசி ரெண்டு வருஷம் மனநல விடுதிலயே முடிஞ்சு போச்சு, 46 வயசு. இத மேடைல யாரும் சொல்றதில்ல, கைதட்டு கிடைக்காது பாருங்க.

ரெண்டு பேர வெச்சு பேசாதீங்க, எண்ணிக்கைல காட்டுங்கன்னு கேப்பீங்க, நியாயம்தான். ஸ்வீடன்ல கரோலின்ஸ்காங்கிற மருத்துவப் பல்கலைக்கழகத்து ஆளுங்க நாட்டோட பதிவேடுகள எடுத்து சுமார் 12 லட்சம் மனநல நோயாளிங்களையும் அவங்க சொந்தக்காரங்களையும் பாத்து 2013ல வெளியிட்டாங்க. கலை, அறிவியல் மாதிரி படைப்புத் தொழில்ல இருக்கவங்களுக்கு மொத்தமா பாத்தா மனநோய் மத்தவங்கள விட அதிகம் இல்ல. பைபோலார் மட்டும் கொஞ்சம் கூட. எழுத்தாளருங்க மட்டும் தனி, அவங்களுக்கு பல நோய்களும் அதிகமா இருந்துச்சு, தற்கொலையும்தான், அத மறைக்க மாட்டேன். ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்ச கண்டுபிடிப்பு வேற. பைபோலார், ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு) இருக்கவங்களோட அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி, அதாவது நோய் வராத கூடப்பொறந்தவங்க, அவங்க படைப்புத் தொழில்கள்ல அதிகமா இருந்தாங்க. கவனிச்சீங்களா? குடும்பத்துல ஓடுற ஏதோ ஒன்னு உதவுதுன்னா, அது முழு நோயா முத்தாதவங்களுக்கும் உதவுது. நோய் நுழைவுச் சீட்டு இல்லைங்க.

சரி மருந்து. மருந்து மழுங்கடிச்சுடும்ங்கிறது முழுப் பொய் இல்ல, இங்க எங்க ஆளுங்க மேலயும் தப்பு இருக்கு. "மாத்திரை போட்டா வசனம் மண்டைல ஏற மாட்டேங்குது டாக்டர்"னு ஒருத்தர் சொன்னா, சீட்டுல இருந்து தலைய தூக்காமலே "அதெல்லாம் சரியாயிடும், தொடர்ந்து போடுங்க"ன்னு அனுப்புற வழக்கம் எங்ககிட்ட இருக்கு. வரிசைல இன்னும் முப்பது பேர் நிக்கிறாங்கங்கிறது காரணம், சாக்கு இல்ல. அந்த ஆளு அடுத்த தடவ நம்மகிட்ட சொல்லாமலே நிறுத்திடுவாரு. 1979லயே மோகன்ஸ் ஷூங்கிற டாக்டர், லித்தியத்த உலகத்துக்கு நம்ப வெச்சவங்கள்ல ஒருத்தர், லித்தியம் எடுக்குற 24 கலைஞர்களக் கேட்டாரு. 12 பேர் முன்னவிட அதிகமா வேலை நடக்குதுன்னாங்க, 6 பேர் ஒரு மாத்தமும் இல்ல, 6 பேர் குறைஞ்சிடுச்சு. அந்த கடைசி ஆறு பேர்ல நீங்க ஒருத்தரா இருந்தா, எங்ககிட்ட வந்து சண்ட போடுங்க. டோஸ் குறைக்கலாம், பிளட் லெவல் பாக்கலாம், மருந்தே மாத்தலாம். அலமாரி மேல தூக்கி வைக்கிறது மட்டும் வேணாம். லித்தியத்த திடீர்னு நிறுத்துனா நோய் திரும்பி வர்ற ஆபத்து கூடும், அதுவும் சொல்லிட்டு வராது.

இந்தக் கூட்டங்கள்ல எனக்கு வயித்தக் கலக்குற இன்னொரு விஷயம், நடுவுல பண்ற "ஒரு சின்ன பயிற்சி". லைட்ட குறைச்சு, எல்லாரும் கண்ண மூடுங்க, உங்க வாழ்க்கையோட மோசமான நாளுக்குப் போங்க, அந்த வாசனைய உணருங்க. நாப்பது பேரு. முன்னபின்ன தெரியாதவங்க. அதுல யாருக்கு என்ன நடந்திருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? நான் பாத்த ஒரு கூட்டத்துல ஒரு பொண்ணு எழுந்து வெளிய போயிடுச்சு, பாத்ரூம் போறான்னு நினைச்சுட்டு உள்ள பயிற்சி தொடர்ந்துச்சு. நான் போயி பாத்தா மாடிப்படில உக்காந்து செருப்பு வார மாட்ட முயற்சி பண்ணிட்டிருக்கு, கை நடுங்குனதுல ஊசி ஓட்டைல போகவே இல்ல. அரை மணி நேரம் அவங்ககூட உக்காந்திருந்தேன். உள்ள அடுத்த அயிட்டமா பாட்டு ஆரம்பிச்சிடுச்சு.

உணர்ச்சி ஞாபகத்தத் தோண்டித்தான் நடிக்கணும்னு நடிப்புக்கு குருன்னு சொல்ற ரஷ்ய இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியே சொல்லியிருக்காருன்னு எனக்கு பாடம் எடுப்பாங்க. ஆரம்பத்துல சொன்னாருங்க. 1934ல ஸ்டெல்லா ஆட்லர்ங்கிற அமெரிக்க நடிகை பாரிஸ்ல அவர நேர்ல பாத்து வாரக்கணக்குல உக்காந்து கத்துக்கிட்டப்போ, மனுஷன் கற்பனைக்கும் உடல் செயலுக்கும் நகந்திருந்தாரு. ஆட்லர் அமெரிக்கா திரும்பிப் போயி அதத்தான் சொன்னாங்க, அதுக்கே அங்க பெரிய சண்டை. நடிப்ப பத்தி பேச நான் யாரு, ஆனா தொண்ணூறு வருஷம் முன்னாடி குருவே தள்ளி வெச்ச பழைய முறைய, பயிற்சி இல்லாதவங்க மேல, டிக்கெட் போட்டு பண்றீங்களேன்னுதான் கேக்குறேன்.

தெரபிக்கு நாடகம் உதவாதான்னா, நல்லா உதவும். மொரேனோங்கிற மனநல டாக்டர் உருவாக்குன சைக்கோட்ராமா, அதாவது நடிச்சுப் பாத்து பண்ற தெரபி, அதுக்குன்னே இருக்கு, அதுக்கு மூணு கட்டம் உண்டு: முதல்ல ஆள தயார் பண்றது, அப்புறம் நடிச்சுப் பாக்கறது, கடைசியா எல்லாரும் உக்காந்து பகிர்ந்துக்கறது. மூணாவது கட்டத்துக்கு நேரம் இல்லைன்னா மொத கட்டத்த ஆரம்பிக்கவே கூடாது. வயித்த கீறிட்டு தையல் போட டைம் இல்லைன்னு எந்த சர்ஜனாவது வீட்டுக்குப் போவாரா?

இப்ப குழு நடத்துறவங்களுக்கு, வேகமா சொல்லிடறேன். டாக் வைக்கிறீங்கன்னா பேச்சாளர்கிட்ட மருந்து பத்தி என்ன சொல்லப் போறாருன்னு முன்னாடியே கேளுங்க. மனநல ஆளு ஒருத்தர் அரங்கத்துல இருக்கணும், மேடைல இல்லைன்னாலும் பரவால்ல, கதவுகிட்ட. கேள்வி நேரத்துல யாராவது தன் கதைய மைக்ல கொட்ட ஆரம்பிச்சா, அறுத்தும் விடாதீங்க, தொடரவும் விடாதீங்க, முடிஞ்சதும் பேசலாம்னு மெதுவா சொல்லிட்டு நெஜமாவே போயி பேசுங்க.

ஷோ வாரத்துல தூக்கம். கெஞ்சிக் கேக்குறேன். பைபோலார் இருக்கவங்களுக்கு ரெண்டு ராத்திரி முழிப்பே போதும் மேல தூக்கிட்டுப் போக. ஒத்திகை லேட்டாகும்னு ராத்திரி மாத்திரைய முழுங்காம விடாதீங்க, எத்தன மணிக்கு மாத்திப் போடலாம்னு டாக்டர்கிட்ட கேளுங்க, ஒரு போன்ல முடியுற விஷயம். லித்தியம் எடுக்குறவங்க லைட் சூட்டுல வேர்த்து ஊத்தும்போது தண்ணி குடிக்காம நிக்காதீங்க, கால் சுளுக்குன்னு ஐபுபுரோஃபன் மாதிரி வலி மாத்திரைய தானா வாங்கிப் போடாதீங்க, ரெண்டுமே ரத்தத்துல லித்தியத்த ஏத்திவிடும். வாந்தி, தள்ளாட்டம், கை ரொம்ப நடுங்குதுன்னா அது மேடை பயம் இல்ல, ஆஸ்பத்திரிக்குப் போங்க.

அப்புறம் அந்த கிரீன் ரூம் தானம். மேடை நடுக்கத்துக்கு ஒருத்தருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த ப்ரோப்ரனலால மிட்டாய் மாதிரி வரிசையா நீட்டுறது. அந்த வரிசைல ஒருத்தருக்கு ஆஸ்துமா இருந்தா மூச்சுக்குழாய் இறுகிடும், மொத சீன்லயே. தானம் பண்ண ஆசைன்னா ரத்தம் கொடுங்க.

நாடகம் முடிஞ்சு ஒரு வாரம் வெறுமையா இருக்கும், அது சகஜம், எல்லாரும் ஒன்னா இருந்துட்டு திடீர்னு பிரியிறோம்ல. ரெண்டு வாரம் தாண்டியும் எதுலயும் பிடிப்பு இல்ல, தூக்கம் சாப்பாடு கெட்டுப்போச்சுன்னா அது ஷோ முடிஞ்ச சோகம் இல்ல, காட்டுங்க. கூட நடிக்கிறவர் சாகணும்ங்கிற மாதிரி ஏதாவது சொன்னா, சும்மா டயலாக் விடுறாருன்னு சிரிச்சு கடக்காதீங்க. தற்கொலை எண்ணம் வருதான்னு நேராவே கேளுங்க. கேட்டா அந்த எண்ணத்த நாமளே விதைச்ச மாதிரி ஆயிடும்னு ஒரு பயம் எல்லாருக்கும் இருக்கு, அப்படியெல்லாம் ஆகாது, கேட்டதும் பல பேருக்கு பாரம் இறங்குறதத்தான் நான் பாத்திருக்கேன். ஆமான்னு சொன்னா தனியா விடாம கூடவே கூட்டிட்டு வாங்க, வீட்டுல தகவல் சொல்லிட்டு அன்னைக்கே.

அந்த நோட்டுக்காரர் இப்ப நல்லா இருக்காரு. மூணு வாரம் ஆஸ்பத்திரில இருந்தாரு, மரக்கடைக்காரர் நல்ல மனுஷன், பாதி காசு திருப்பிக் கொடுத்துட்டாரு. போன ரிவ்யூக்கு அந்த நோட்ட மறுபடி கொண்டு வந்தாரு, முழுசா படிச்சுப் பாத்தாராம். எவ்ளோ தேறும்னு கேட்டேன். ஒன்றரை பக்கம் டாக்டர், அதுவும் முதல் பத்து பக்கத்துக்குள்ளன்னாரு. அந்த ஒன்றரை பக்கத்த வெச்சு இப்ப ராத்திரி பத்து மணி வரைக்கும் மட்டும் எழுதிட்டிருக்காரு, பத்தாச்சுன்னா தங்கச்சி வந்து லைட்ட அணைச்சிடுவாங்களாம்.

நேத்து ஒரு குழுல இருந்து எனக்கு அழைப்பு, போஸ்டரையும் அனுப்பியிருக்காங்க. பாதி தலை கருப்பு வெள்ள, மீதி தலைல இருந்து கலர் கலரா வெடிக்குது, கீழ தலைப்பு: பைத்தியமும் மேதையும். வர்றேன், ஆனா தலைப்ப மாத்துங்கன்னு பதில் போட்டேன். பிரின்ட்டுக்குப் போயிடுச்சு சார்னு சொல்றாங்க.