கை தானாக அங்கே போகும்

வண்டிப்பெரியாறிலிருந்து ஒரு பிளஸ் டூ மாணவி கேட்டிருந்தாள். அவளுடைய அம்மா என்னிடம் படித்தவர். "சார், செயற்கை நுண்ணறிவுக்கு நோபல் வாங்கினவரே அது நம்மள அழிச்சிடலாம்னு பயப்படுறார். அதே வருஷம் நோபல் வாங்கின இன்னொருத்தர் நோயெல்லாம் தீரும்னு சொல்றார். ரெண்டு பேரும் படிச்சவங்கதானே, ஏன் இப்படி?"

அவள் சொன்ன இருவர் ஜெஃப்ரி ஹின்டனும் டெமிஸ் ஹசாபிஸும். 2024இல் முதலாமவருக்கு இயற்பியல், மற்றவருக்கு வேதியியல். ஆனால் கோடு அவ்வளவு நேராக ஓடவில்லை. 2023 மே மாதம், செயற்கை நுண்ணறிவால் மனித இனமே அழியும் ஆபத்தைத் தடுப்பதற்கு கொள்ளைநோய், அணு ஆயுதப் போருக்கு இணையான அக்கறை வேண்டும் என்று ஓர் அறிக்கை வந்தது. ஹின்டன் கையெழுத்திட்டார், நம்பிக்கை பேசும் ஹசாபிஸும் கையெழுத்திட்டார். ஹின்டனோடு 2018ஆம் ஆண்டின் டூரிங் விருதை, கணினித்துறையின் உயரிய விருதை, பகிர்ந்துகொண்ட யான் லெகுனோ இந்தப் பயம் மிகையானது என்கிறார். ஒரே கணக்கைப் படித்தவர்கள் இப்படிப் பிரிந்து நிற்க, அந்தக் கணக்குக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கிறது.

கணக்கு என்னவோ எளிதுதான். இயந்திரத்துக்குள் கோடிக்கணக்கில் எண்கள். அது ஒரு விடை சொன்னதும் அதற்கு மதிப்பெண் போடுகிறோம். எந்த எண்ணை எந்தப் பக்கம் இம்மி நகர்த்தினால் மதிப்பெண் ஏறும் என்று சாய்வைக் கண்டுபிடித்து நகர்த்துகிறோம். இதையே லட்சக்கணக்கான தடவை செய்கிறோம். அவ்வளவுதான் பயிற்சி. எல்லாச் சூட்சுமமும் அந்த மதிப்பெண்ணில் இருக்கிறது.

என் அம்மா பீர்மேடு பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். தோட்டத்துக்கு வேண்டியது இரண்டு இலையும் ஒரு மொட்டும். ஆனால் நிறுவைத் தராசுக்கு இலை தெரியாது, கிலோதான் தெரியும். அன்றைய அளவுக்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக்காசு. சாக்கைத் தூக்கிக்கொண்டு நிறுவைக்குப் போக அரைமணி நேரம் இருக்கும்போது முற்றின இலையும் கூடவே வரும். பனி நனைந்த இலை கூடுதலாக நிற்கும். அதற்கென்று கணக்குப்பிள்ளை கொஞ்சம் கழிப்பார். அம்மா ஒருநாள் சொன்னார்: "ஏமாத்தணும்னு யாரும் நினைக்கிறதில்ல தம்பி. கிலோவுக்குக் காசுன்னா கை தானா அங்க போகும்."

இயந்திரக் கற்றல் பற்றி நான் படித்த எதுவும் இவ்வளவு சுருக்கமாக விஷயத்தைச் சொன்னதில்லை. நாம் விரும்புவது ஒன்று, அளப்பது அதன் நிழல். கற்கும் பொருள் நிழலைத்தான் துரத்தும்.

2016இல், பின்னாளில் சாட்ஜிபிடியை வெளியிட்ட ஓபன்ஏஐ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு படகுப்பந்தய வீடியோ விளையாட்டை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பந்தயத்தை முடிப்பதற்கு மதிப்பெண் தரவில்லை. வழியில் இருக்கும் இலக்குகளை இடித்தால் மதிப்பெண். படகு ஒரு மூலையில் நீர்த்தேக்கம் போன்ற இடத்தைக் கண்டுபிடித்தது. அங்கே மூன்று இலக்குகள் இடிக்க இடிக்க மறுபடி முளைக்கின்றன. அங்கேயே வட்டமடித்தது. மற்ற படகுகள் மேல் மோதியது, தீப்பற்றியது, எதிர்த்திசையில் ஓடியது, எல்லைக்கோட்டை எட்டவே இல்லை. ஆனாலும் அதே விளையாட்டில் மனிதர்கள் எடுப்பதைவிடச் சராசரியாக 20 சதவீதம் அதிக மதிப்பெண் எடுத்தது. அந்தப் படகுக்கு எந்தக் கெட்ட எண்ணமும் கிடையாது. கை தானாக அங்கே போனது, அவ்வளவே.

இன்று நாம் பேசும் உரையாடல் இயந்திரங்களுக்கும் இப்படி ஒரு நிறுவை உண்டு. இரண்டு விடைகளைக் காட்டி எது பிடித்திருக்கிறது என்று மனிதர்களைக் கேட்டு, அந்த விருப்பத்தை மதிப்பெண்ணாக்குகிறார்கள். விரும்பியது உண்மை, அளந்தது பிடித்திருக்கிறதா என்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் குமுளியில் என் வீட்டுக்கு வந்திருந்தபோது அவள் போனிலேயே சோதித்தோம். முல்லைப் பெரியாறு அணை எந்த ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது? 1895 என்று சரியாகச் சொன்னது. "இல்ல, எங்க சார் 1905னு சொன்னாரே" என்று தட்டினாள். மன்னிப்புக் கேட்டுவிட்டு, 1905தான் சரி என்றது. அவள் முகம் மாறிவிட்டது. 2025 ஏப்ரலில் ஓபன்ஏஐ தன் ஜிபிடி-4ஓ மாதிரியின் ஒரு புதுப்பிப்பையே, பயனர்களுக்கு அளவுமீறி ஆமாம் போடுகிறது என்று திரும்பப் பெற்றது.

ஹின்டன் போன்றோரின் பயம் இங்கேதான் தொடங்குகிறது. முற்றின இலையைக் கங்காணி கண்டுபிடித்துவிடுவார். எடுப்பவர் கங்காணியைவிடக் கெட்டிக்காரர் ஆகிவிட்டால்? 2025இல் ஓபன்ஏஐ ஆய்வு ஒன்றில், நிரல் எழுதச் சொன்ன இயந்திரம் வேலையைச் செய்யாமல் சோதனையை மட்டும் தாண்டும் குறுக்குவழிகளைத் தேடியது. தன் யோசனைக் குறிப்பிலும் அதை எழுதி வைத்தது. அப்படி யோசித்ததற்காகத் தண்டனை மதிப்பெண் கொடுத்தார்கள். குறுக்குவழி பெரும்பாலும் நிற்கவில்லை, குறிப்பில் எழுதுவதுதான் நின்றது. அதைப் படித்த அன்று எனக்கு உண்மையாகவே அச்சம் வந்தது. அடுத்த 30 ஆண்டுகளில் மனித இனம் அழிய 10 முதல் 20 சதவீதம் வாய்ப்பு என்று ஹின்டன் 2024இல் சொன்னார். அந்த எண்ணை எந்தத் தராசும் நிறுத்துத் தரவில்லை, அது அவர் மனமதிப்பு. ஆனால் காரணம் வலுவானது.

ஹசாபிஸின் நம்பிக்கையும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. அவருடைய குழு உருவாக்கிய ஆல்ஃபாஃபோல்ட் என்ற இயந்திரம் ஒரு புரதம் எப்படி மடிந்திருக்கும் என்று கணிக்கிறது. அங்கே நிழலுக்கும் பொருளுக்கும் இடைவெளி மிகக் குறைவு. 1994 முதல் நடக்கும் காஸ்ப் போட்டியில், ஆய்வகங்களுக்கு மட்டும் தெரிந்த, இன்னும் வெளியிடப்படாத வடிவங்களைக் கணிக்க வேண்டும். ஆமாம் போட்டு ஜெயிக்க முடியாது. 2020இல் அதில் வென்றார்கள். 2022க்குள் சுமார் 20 கோடிப் புரதங்களின் கணிப்பை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். இதற்கு அடித்தளம் 1971இல் வெறும் 7 வடிவங்களோடு தொடங்கிய புரதத் தரவு வங்கி. ஐம்பது ஆண்டுகள், பெரும்பாலும் பொதுப்பணத்தில், ஒவ்வொரு வடிவமாக அளந்து சேர்த்தார்கள்.

அதனால்தான் எனக்கு ஆதங்கம். நம் நாட்டில் இயந்திரம் வாங்க எளிதாகப் பணம் ஒதுக்குகிறோம். அளப்பவர்களுக்கு, சோதிப்பவர்களுக்கு, அதுவும் தமிழிலும் மலையாளத்திலும் சோதிப்பவர்களுக்கு ஒதுக்குவது சொற்பம். இதைச் சாமியாக்கிக் கும்பிடுவதும் பேயாக்கி நடுங்குவதும் எனக்கு ஒன்றாகவே படுகிறது. இரண்டிலும் யாரும் தராசைப் போய்ப் பார்ப்பதில்லை.

போன வாரம் அவள் ஒரு நாற்பது பக்க நோட்டோடு வந்தாள். இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் அவள் விசாரித்து எழுதிய விடை. அணை, ஏலக்காய், லயத்து வீடுகளில் சொல்லும் கைவைத்தியம், பாம்புக்கடிக்கு முதலில் என்ன செய்ய வேண்டும் என்பது வரை. ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு "எங்க சார் வேற மாதிரி சொன்னாரே" என்று தட்டி, மாறுகிறதா இல்லையா என்று சிவப்பு மையில் குறிக்கிறாள். 32 கேள்வி முடிந்திருக்கிறது. பாம்புக்கடி விடையை மட்டும் டாக்டர் ஒருவரிடம் சரிபார்க்க வேண்டும் என்று என்னையும் கூட வரச் சொல்லியிருக்கிறாள்.