பியர் காய்ச்சும் நாளில் கவனம் எங்கே வேண்டும்?

வீட்டிலேயே பியர் காய்ச்ச பிரிட்டனில் 1963 முதல் உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் அதற்கு வழிவிட்ட சட்டத்தில் 1978-ல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டார். அங்கெல்லாம் பலருக்கு இது விடுமுறை நாள் வேலை. நாளின் பெரும்பகுதி சும்மா காத்திருப்பதுதான். ஆனால் சில நிமிடங்கள் கைநழுவினால் திருத்தவே முடியாது.

முதலில் மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி. அதை உடைத்து வெந்நீரில் சுமார் ஒரு மணி நேரம் ஊறவைப்பார்கள். மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குவது மால்ட்டிலேயே இருக்கும் இரண்டு நொதிகள். பீட்டா அமைலேஸுக்கு 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் பிடிக்கும். ஈஸ்ட் எளிதில் தின்னும் மால்டோஸை அது தருகிறது. ஆல்ஃபா அமைலேஸுக்கு 70-ஐ ஒட்டிய சூடு வேண்டும். ஈஸ்ட்டுக்குச் செரிக்காத நீளச் சங்கிலிகளையும் அது விட்டுவைக்கும். அதனால் 65-ல் ஊறியது இனிப்பு குறைந்த, லேசான பியராகும். 69-ல் ஊறியது கொஞ்சம் கனமாக இருக்கும். சூடு 75-ஐத் தொட்டால் பீட்டா நொதி சீக்கிரமே செயலிழந்துவிடும். அப்புறம் குளிர்ந்த நீர் ஊற்றினாலும் அது மீளாது. தெர்மாமீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்பதை முன்பே பனிக்கட்டி நீரில் வைத்துப் பார்த்துவிட வேண்டும். 0 காட்டினால் சரி.

வடித்த சாறு கொதி வரும்போது புரதங்கள் நுரையைக் கட்டுவதால் பால் போலப் பொங்கும். அந்த நேரத்தில் அடுப்பை விட்டு நகரவே கூடாது. பொங்கல் அடங்கியதும் ஹாப்ஸ், அதாவது கசப்பும் மணமும் தரும் ஒரு கொடியின் பூக்கள். அதன் ஆல்ஃபா அமிலங்கள் வடிவம் மாறிக் கசப்பைத் தர ஒரு மணி நேரக் கொதி தேவை. வாசனை எண்ணெய்களோ ஆவியாகிப் போகும். எனவே கசப்புக்கு ஆரம்பத்தில் ஒரு பங்கு, மணத்துக்குக் கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு பங்கு. இரண்டையும் முன்கூட்டியே எடை போட்டு, எத்தனையாவது நிமிடம் என்று எழுதிய கிண்ணங்களில் வைத்துவிட்டால் கொதியின் நடுவே தராசைத் தேட வேண்டியதில்லை.

என்னைக் கேட்டால், அடுப்பை அணைத்த பிறகுதான் உண்மையான சோதனை. ஆறிய சர்க்கரைச் சாறு பாக்டீரியாவுக்கு விருந்து. குளிர்விக்கும் செம்புச் சுருளைக் கொதியின் கடைசிக் கால் மணி நேரம் பானைக்குள்ளேயே விட்டால் அதுவும் கிருமி நீங்கிவிடும். புளிக்கவைக்கும் வாளி, மூடி, குழாய், ஈஸ்ட் பாக்கெட்டை வெட்டும் கத்தரிக்கோல் எல்லாம் அதற்குள் கிருமிநாசினியில் நனைந்திருக்க வேண்டும். சாறு 20 டிகிரி வாக்கில் வந்ததும் வாளிக்கு மாற்றி நன்றாகக் குலுக்கிவிட்டு ஈஸ்ட்டைச் சேர்க்கலாம். பெருகுவதற்கு ஈஸ்ட்டுக்கு இப்போது ஆக்ஸிஜன் தேவை. புளித்து முடிந்தபின் அதே ஆக்ஸிஜன் பியரில் ஈர அட்டைச் சுவையை ஏற்றிவிடும் என்பதால், பாட்டிலில் நிரப்பும்போது குழாயின் முனையை அடிவரை இறக்கி, சலசலப்பில்லாமல் நிரப்புகிறார்கள்.